ஒரு மகளுக்குப் போட்ட அத்திவாரம்

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இன்னும் கலியாணமாகாத குமர் எத்தனை இருக்கிறது என்று அறிய யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். மொட்டைமாடிக்கு மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றால் ஒருத்தி பாக்கி. கம்பியை வெட்டி மூடித் தண்ணீர்த் தாங்கியும் ஏற்றிவிட்டார்கள் என்றால் அந்த வீட்டுத் தகப்பன் குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று அர்த்தம்.

மட்டக்களப்பில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு உரியது. மூத்தவளுக்குக் கலியாணம் என்றால் தாய் தான் இருக்கிற வீட்டையே அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் குசினி அடுப்படிப் பக்கம் ஒதுங்க வேண்டும். அடுத்தவளுக்கு அதே வளவில், அதே காணிக்குள் பக்கத்தில் ஒரு வீடு. இது எல்லாம் பக்கம் என்று ஒன்று இருந்த காலத்துச் சட்டம். இப்போது நாவற்குடாவில் பக்கம் கிடையாது. படிக்க வந்தவர்கள், வேலை மாறி வந்தவர்கள், வயலை விட்டுப் பிள்ளையின் ரியூசனுக்காக வந்தவர்கள் என்று ஊர் நிரம்பிவிட்டது. மதிலுக்கு மதில் முட்டி, மிச்சம் இருப்பது வானம் மட்டும்தான்.

அந்த வானத்தில் நிற்கிற கம்பிகளில் பாதியை நிறுத்தியவர் என் அப்பா அழகரத்தினம். மேசன்.

அப்பா பிறந்தது பனிச்சங்கேணியில். பிறந்த வீடு இப்போது அவரோடு கூடப்பிறந்த மாமியின் பெயரில். கலியாணம் முடித்து வந்து குடியிருப்பது அம்மாவின் வளவில், அம்மாவின் வீட்டில். நாளைக்கு அது அக்காவின் வீடு. ஊர் முழுக்க வீடு கட்டின மனுசனின் பெயரில் இருப்பது ஒரு சைக்கிள். அதிலும் முன்சில்லு என்னுடைய பழைய சைக்கிளில் கழற்றிப் பூட்டியது.

அவர் அதிகம் கதைக்கமாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். செத்த வீட்டில்கூட இதே வேலைதான். ஒருமுறை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சுவரைத் தட்டினார். அழுதுகொண்டிருந்த மனுசி நிறுத்திவிட்டு, "என்ன மேசன், வெடிச்சிருக்கா?" என்று கேட்டா. "இல்ல தங்கச்சி, நீங்க அழுங்க" என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்தார். தான் கட்டின வீட்டைக் கடந்து போகும்போது முகப்பைப் பார்க்கமாட்டார். சுவரின் மூலை மண்ணைத் தொடுகிற இடத்தைப் பார்ப்பார். ஆள் காலில் என்ன செருப்புப் போட்டிருக்கிறது என்று பார்க்கிற மாதிரி.

கதை இவ்வளவுதான். அக்கா கஜானிக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை சதீசன், கல்குடாவில் ஒரு ஹொட்டலில் வேலை, நல்ல பொடியன், என் பகிடிக்குச் சிரிக்கத் தெரிந்தவன். மாப்பிள்ளை பகுதி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, "வீடு இருக்குத்தானே, வேற என்ன" என்று பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கேற்றைத் தாண்டினதும் அம்மா என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது: வீடு ஒன்று, பிள்ளை இரண்டு.

எங்கள் பக்கத்தில் வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச ஒருவரும் செருப்பு மாட்டமாட்டார்கள். எனக்கு மாப்பிள்ளையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். ஓ.எல் சோதனையில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு நானும் ஒருவரையும் நம்புவதில்லை. ஆனால் அம்மா சுலோஜனா நம்புகிறவ. மாமாவைக் கூப்பிட்டு, கலியாணத்துக்கு முன் கூரை ஓட்டைக் கழற்றிக் கொங்கிறீற் சிலாப் போட்டு மேல்வீடு எழுப்புவதென்று தீர்மானித்தா. கீழ்வீடு அக்காவுக்கு, மேல்வீடு எனக்கு.

"மேசன் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார். பிறகென்ன யோசினை?" என்றார் உதயரூபன் மாமா. அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டில் கடைசிச் சொல் அவருடையது.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "பாப்பம்" என்றார்.

அந்தப் "பாப்பம்" மாதக்கணக்கில் நீண்டது. ஆரையம்பதியில் ஒரு வேலை முடிந்தால் கல்லடியில் ஒன்று, அது முடிந்தால் இன்னொன்று. ஊரார் வீடு எல்லாம் மழைக்கு முன் முடிகிறது, எங்கள் வீட்டுக்கு ஒரு வாளி மண்கூட வரவில்லை. மேல்வீட்டுக்கு இடம் தெளிவாகட்டும் என்று கொய்யா மரத்தை மட்டும் வெட்டினார். அது என்னுடைய மரம்.

"இஞ்சேருங்க, சனம் என்ன கதைக்குதெண்டு தெரியுமா? அழகு மேசனுக்குத் தன்ட புள்ளைக்குக் கட்டத்தான் கை வராதாம்."

"சனம் கதைக்கட்டும் சுலோ. சனத்துக்கும் வேலை வேணுமே."

அந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அது ஒத்துவராது. கோழிக்கூட்டில் ஒரு மட்டையைக் கட்டி, "அனெக்ஸ் வாடகைக்கு. காற்றோட்டம் உண்டு. மாணவிகளுக்கு மட்டும்" என்று எழுதி, மாமாவின் போன் நம்பரையும் போட்டேன். கூட்டோடு படம் எடுத்து வட்சப்பில் விட்டேன். பகிடி என்று எவருக்கும் படவில்லை. ஒரு கிழமை முழுக்க மாமாவுக்குக் கோல். ஒரு பிள்ளையின் தகப்பன் மகாஓயாவில் இருந்து எடுத்து, "கூடு எண்டாலும் பரவால்ல ஐயா, பூட்டு இருக்கா?" என்று கேட்டாராம். மாமா என்னைத் துரத்திக்கொண்டு வந்தார். அப்பா அன்றைக்குத்தான் சிரித்தார். சிரித்துவிட்டு, "பாவம் அந்தத் தகப்பன்" என்றார்.

அதோடு விட்டேனா? கட்டுகிற வீட்டில் நாவூறு படாமல் இருக்க வெருளி கட்டுவார்கள் அல்லவா, வைக்கோல் அடைத்த பொம்மை மனுசன். நான் கட்டாத வீட்டுக்கு வெருளி கட்டினேன். அப்பாவின் கட்டம் போட்ட பழைய சேட்டும் சாரமும் போட்டு, சட்டியில் மீசை கீறித் தலையாக்கி, கையில் ஒரு உடைந்த சாந்தகப்பையும் கொடுத்து முகப்பில் தொங்கவிட்டேன். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. "மேசன் கடைசில வேலைக்கு வந்திட்டாரு" என்று கடைக்காரன் கத்தினான்.

பின்னேரம் அப்பா வந்து சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி அண்ணாந்து பார்த்தார். ஏசுவார் என்று கொய்யாக் குற்றிக்குப் பின்னால் நின்றேன். அவர் ஏணியை எடுத்துச் சாத்தி, ஏறி, வெருளியின் சேட்டில் திறந்திருந்த பொத்தானைப் பூட்டிவிட்டு இறங்கினார். அவ்வளவுதான். எனக்கு அந்தப் பகிடி அந்த இடத்திலேயே செத்துப்போனது.

அம்மாவும் அக்காவும் கூறைச்சேலை எடுக்கப் போன மத்தியானம், வீட்டின் பின்பக்கம் வாவிப் பக்க மூலையில் மண் குத்துகிற அலவாங்குச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா சுவரோரமாக ஒரு கிடங்கு கிண்டி, அதற்குள் முழங்கால் அளவுக்கு நின்றார்.

"என்னப்பா, புதையலா?"

"ஓம். வா, உனக்கும் பங்கு தாறன்."

எட்டிப் பார்த்தேன். சுவருக்குக் கீழே ஒரு வரிசை கருங்கல். அதற்குக் கீழே இன்னொரு வரிசை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வாவி மணல். கபிலநிறத் தண்ணீர் ஊறி அவர் காலைச் சுற்றி நின்றது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"மற்றாக்கள்ட வீட்டுக்கு ஆள் இறங்கினாத் தலை தெரியாத அளவுக்கு வெட்டுவீங்களே."

அப்பா கிடங்கின் விளிம்பில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கதைத்த அளவுக்கு அவர் என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

சுனாமியில் பழைய வீடு போன பிறகு, கரை முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு கட்டினார்களாம். கல்லுக்கு அடிபிடி. லொறி வந்தால் றோட்டில் மறித்து ஏறுவார்களாம். அப்பாவும் காத்தான்குடி இஷாம் மாமாவும் சேர்ந்து எப்படியோ ஒரு லொறி கருங்கல் பிடித்தார்கள். இஷாம் மாமா கம்பி கட்டுகிறவர், அப்பாவின் கூட்டாளி, அவருக்கும் வீடு போயிருந்தது. ஒரு லொறிக் கல்லை இரண்டு வீட்டுக்குப் பிரிக்க வேண்டும்.

"எப்படிப் பிரிச்சீங்க? பாதி பாதியா?"

"அதெப்படி? அவனுக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. எனக்குக் கஜானி மட்டும். மூண்டாப் பிரிச்சம். அவனுக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒண்டு." அவர் அதை நியாயமான கணக்காகச் சொன்னார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, கொஞ்ச நேரம்.

"அப்ப நான்?"

"நீ அப்ப இல்லயே புள்ள. உங்கம்மாக்கு இனி ஒண்டும் தங்காதெண்டு டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு மகளுக்கு ஒரு வீடு, ஓட்டுக்கூரை, காணும் எண்டு போட்டன்."

"பிறகு?"

"பிறகு நீ வந்தாய்." அலவாங்கின் நுனியால் கல்லை மெல்லத் தட்டினார். "நீ வந்தது எனக்குத் தெரியும், அம்மாக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். கல்லுக்குத் தெரியாதே."

அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். கல் பிரித்தது தெரியும், அது மேல்வீட்டைத் தாங்காது என்பது தெரியாது என்றார். அம்மாவிடம் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். கிடங்கின் மேல் ஒரு தகரத்தை இழுத்து மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.

உதயரூபன் மாமா பொறுத்தது போதும் என்று நாள் பார்த்துவிட்டார். ஞாயிறு காலை சுபநேரத்தில் முதல் ஓட்டைக் கழற்ற வேண்டும். கம்பியும் வந்து இறங்கிவிட்டது. அம்மா முழுகி, தேங்காயும் கற்பூரமும் தட்டில் வைத்துக்கொண்டு நின்றா. சதீசனும் உதவிக்கு வந்திருந்தான். இஷாம் மாமா வந்து கம்பியைப் பார்க்காமல் நேரே வீட்டின் பின்னால் போனார். காலால் தகரத்தைத் தள்ளினார்.

"என்ன மச்சான் இது. கோழி கிளறின மாதிரி இரிக்கி."

அப்பா தகரத்தை முழுதாக விலக்கினார்.

இஷாம் மாமா குந்தியிருந்து உள்ளே பார்த்தார். அவருடைய வீடு இப்போது இரண்டு மாடி. கீழே மூத்த மகள், மேலே இரண்டாவது மகள்.

"அந்த லொறிக் கல்லா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ம்."

"நான் மறந்திட்டன் மச்சான். அல்லாவே, நான் சுத்தமா மறந்திட்டன்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "சரி, என்ன செய்ய. சும்மா போடுவமா? இதவிட மோசமான அத்திவாரத்தில எத்தின மாடி நிக்கிதெண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பிய நான் நல்லா நெருக்கிக் கட்டித் தாறன். பொம்புளப் புள்ளட காரியம்."

நான் சுவரோரம் நின்றேன். அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு வீடில்லை. அதோடு, தன் வீட்டுக்கே அத்திவாரம் போடத் தெரியாத மேசன் என்று இந்த ஒழுங்கை சாகும்வரை சொல்லும். சொல்லாவிட்டால் ஓடு கழலும், சிலாப் எழும்பும், எல்லோரும் பாயாசம் குடிக்கலாம்.

"மேல ஒரு மகள் படுப்பாள். கீழ மற்ற மகள் படுப்பாள்" என்றார் அப்பா. "நான் எப்படிடா படுக்கிற?"

முன்பக்கம் நடந்தார். ஏணியில் ஒரு கால் வைத்திருந்த உதயரூபன் மாமாவின் தோளைத் தொட்டு, "இறங்குங்க மச்சான். இது மேல்வீடு தாங்காது" என்றார்.

"ஆர் சொன்ன?"

"நான்தான்."

"நீங்கதானே அத்திவாரம் போட்டீங்க?" இது அம்மா. கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டிருந்தது.

"ஓம் சுலோ. கஜானிக்குப் போட்டன்."

அம்மாவுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் தட்டைச் சதீசனின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனா. பாவம், அவன் தன் கலியாணத்துக்கு முன்பே எரிகிற தட்டோடு எங்கள் முற்றத்தில் நின்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப் பார்த்தால் எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"பரவால்ல. எனக்கு அனெக்ஸ் இருக்கு" என்று கோழிக்கூட்டைக் காட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் சிரிக்கத் தொடங்கினார். அது பாதியில் வேறு என்னவோவாக மாறியது. முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு மதில் பக்கம் திரும்பிவிட்டார். வெருளி மேலே ஆடிக்கொண்டிருந்தது, எல்லாப் பொத்தானும் பூட்டியபடி.

கலியாணம் நடந்தது. வீடு அக்காவின் பெயருக்குப் போனது. அக்காவும் சதீசனும் எங்களைப் போகச் சொல்லவில்லை, இருக்கத்தான் சொன்னார்கள். அம்மாதான் பிடிவாதம். எழுதிக் கொடுத்த வீட்டின் நடுவறையில் படுப்பது மரியாதை இல்லையாம். அப்பாவோடும் அவ கதைப்பதில்லை. "உங்கப்பாட்டக் கேள், சோறு போடவா" என்று அவர் முன்னாலேயே என்னிடம் கேட்பா. "அம்மாட்டச் சொல்லு, போடச் சொல்லி" என்பார் அவரும். நான் நடுவில் ரேடியோ.

வாடகை வீடு தேடினோம். அப்பா கட்டின வீடுகளாகவே போனோம். வீட்டுக்காரர்கள் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, அன்பாக இல்லை என்றார்கள். ஒரு மனுசி மனம் விட்டுச் சொன்னா: "குடும்பத்துக்குக் குடுக்கிறல்ல மேசன். அறைக்கு நாலு கட்டில் போட்டுப் பொடியன்களுக்குக் குடுக்கிறம். நீங்க கட்டின அறை நல்ல பெரிசு, அஞ்சு கட்டிலும் கொள்ளும்." அப்பா எழும்பி, வெளியே வரும்போது, பழக்கத்தில் சுவரைத் தட்டினார். நல்ல சத்தம். அவர் கட்டினதுதானே.

அடுத்த நாள் கோழிக்கூட்டைக் கழற்றினார். வளவில் மிச்சம் அந்த மூலை மட்டும்தான். ஒரு அறையும் ஒரு குசினியும் கொள்ளும், அதற்கு மேல் மூச்சு விடவும் இடமில்லை. நூல் பிடித்துக் குற்றி அடித்து, கிடங்கு வெட்டத் தொடங்கினார்.

வெட்டினார், வெட்டினார். ஓர் அறைக்கு வெட்டுகிற ஆழம் எப்போதோ தாண்டிவிட்டது. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மேசன், கிணறா?" என்று கேட்டார். அப்பாவின் தலை மண்ணுக்குக் கீழே இருந்ததால் பதிலை நான்தான் சொன்னேன். "நீச்சல் தடாகம் அண்ணன். மாணவிகளுக்கு மட்டும்."

மழை முந்திக்கொண்டது. வாவி ஏறியது, கிடங்கில் தண்ணீர் நின்றது. இறைத்தால் ஊறும், ஊறினால் சரியும், சரிந்ததை மறுபடி வெட்டுவார். அவருடைய வலது முழங்கால் வீங்கி, செருப்புக்குள் கால் நுழைய மறுத்தது. இந்த வயதில் இந்தத் தண்ணீருக்குள் எதற்கு நிற்கிறார் என்று அக்கா கேட்டாள். அம்மா கேட்கவில்லை. ஆனால் நல்லெண்ணெயைச் சூடாக்கி என்னிடம் தந்து, "உங்கப்பாட்டக் குடு" என்றா. கொடுத்தேன். பிறகு பார்த்தால் அவவே கிடங்கின் விளிம்பில் நின்று வாளி வாங்கிக்கொண்டிருந்தா. பேச்சு மட்டும் இன்னும் என் வழியாகத்தான்.

இஷாம் மாமா ஒரு பின்னேரம் உழவு மெசினில் கருங்கல் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கேற்றடியில் கொட்டினார்.

"என்னடா இது?" என்றார் அப்பா.

"சின்னவட பங்கு."

"குடுத்த கல்ல நான் திருப்பி வாங்கிறல்ல இஷாம்."

"உனக்கு ஆர் தந்த? நான் அவக்குத்தான் கொண்டந்த. நீ கதைக்காம இறங்கு, தண்ணி ஏறுது."

இப்போது அந்த அறையில்தான் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். மேலே சின்னதாகச் சிலாப் போட்டாயிற்று. படுத்தால் என் கால் குசினிக்குள் போகும். மழைக்கு நிலம் கசிகிறது. அம்மா பல மாதத்துக்குப் பிறகு அப்பாவிடம் நேரே பேசின முதல் வசனம், "இஞ்சேருங்க, இந்த யன்னல் இறுகுது." அவர் உடனே எழும்பிப் போய்ச் சீவிக் கொடுத்தார், உலகத்தில் அதைவிட அவசரம் இல்லாத மாதிரி.

இந்தக் கோழிக்கூட்டு அறைக்குக் கீழே மூன்று மாடியைத் தாங்குகிற அத்திவாரம் கிடக்கிறது. மேலே நான்கு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் எப்போது கட்டுவது, அப்பாவின் முழங்கால் அதுவரை ஏணி ஏறுமா என்று நாங்கள் ஒருவரும் கேட்பதில்லை. போன கிழமை அவர் கல்லடி வேலைக்குப் போகவில்லை. கால் ஊன்ற முடியவில்லை. ஆனாலும் கம்பி கறள் பிடிக்கக் கூடாதென்று சீமெந்துப் பால் கரைத்து எடுத்துக்கொண்டு ஏணியடிக்கு வந்தார். வாளியைப் பறித்தேன்.

"உனக்குப் பூசத் தெரியாது."

"நீங்க கீழ நிண்டு ஏசுங்க, நான் பூசுறன்."

ஏறிப் பூசினேன். அவர் கீழே ஏணியைப் பிடித்தபடி, அடிவரைக்கும் பூசு, அந்தப் பக்கம் விட்டிட்டாய், பொந்து வைக்காத என்று நிறுத்தாமல் ஏசினார். வெருளியை அக்கா வீட்டு முகப்பில் இருந்து கழற்றிக் கொண்டுவந்து, பின் கம்பியில் நான்தான் கட்டினேன். கட்டம் போட்ட சேட்டு மழையில் வெளிறிவிட்டது.

றோட்டால் போகிற ஆட்கள் எங்கள் வளவை அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்த்ததும் விளங்கும், இங்கே இன்னும் ஒருத்தி பாக்கி என்று. ஓம், நான்தான்.